காதில் வந்த கெலாய்டு: ஊசியா, கத்தியா?

#1 தாமிரபரணி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 25, ஊர் பாளையங்கோட்டை. கல்லூரி முடிக்கும் சமயத்தில் தோழிகளோடு அழகு நிலையம் ஒன்றுக்குப் போய் வலது காதின் மேல்விளிம்பில் ஒரு துளை போட்டுக்கொண்டேன். துப்பாக்கிபோல் இருக்கும் கருவியால் குத்தினார்கள். சில வாரங்கள் சீழ் வைத்து, பிறகு ஆறியது. ஆறிய இடத்தின் பின்பக்கம் சிறு கட்டி எழும்பியது. இப்போது பெரிய கொண்டைக்கடலை அளவு இருக்கிறது. கெட்டியாக, மேலே பளபளப்பாக, சற்றுக் கருஞ்சிவப்பாக இருக்கிறது. அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்தால் சுரீர் என்கிறது. மாலையானால் அரிப்பு.

சிறுவயதில் கோயிலில் குத்திய கீழ்த் துளைகளுக்கு இதுவரை எதுவும் ஆகவில்லை. சித்தப்பாவுக்குத் தோளில் இதே போன்ற ஒரு தடிப்பு உண்டு.

இரண்டு மருத்துவர்களைப் பார்த்தேன். ஒருவர், அரை மணி நேர வேலை, வெட்டி எடுத்துத் தையல் போட்டுவிடலாம் என்றார். இன்னொருவர் வெட்டவே கூடாது, மாதம் ஒரு ஊசி போடலாம் என்றார். தை மாதம் நிச்சயதார்த்தம் என்பதால் அம்மாவுக்கு முதலாமவரைப் பிடித்திருக்கிறது. எனக்கு யாரை நம்புவதென்று தெரியவில்லை. இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 குமரிக்காற்று

யோசிக்கவே வேண்டாம், வெட்டிவிடுங்கள். என் மச்சானுக்குக் காதில் இதே கட்டி. ஒரே நாளில் வேலை முடிந்தது. இப்போது காது சுத்தமாக இருக்கிறது.

#3 மார்கழிப்பனி

குமரிக்காற்று, மச்சானுக்கு வெட்டி எத்தனை நாள் ஆகிறது?

#4 குமரிக்காற்று

மூன்று மாதம்.

#5 மார்கழிப்பனி

அடுத்த ஆண்டு இதே மாதம் அவர் காதைப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள். கேலியாகச் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்கிறேன்.

#6 தோல்மருத்துவர்_மதுரை

தாமிரபரணி, தொட்டுப் பார்க்காமல் நோயை உறுதிசெய்ய முடியாது. ஆனால் நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் கெலாய்டு என்றே தோன்றுகிறது. தடித்த தழும்பெல்லாம் கெலாய்டு ஆகிவிடாது. காயத்தின் எல்லைக்குள்ளேயே தடித்து நிற்கும் தழும்பு ஒரு வகை. அது ஓரிரு ஆண்டுகளில் தானாகவே தணிந்துபோவதும் உண்டு. காயத்தின் எல்லையைத் தாண்டி, பக்கத்தில் இருக்கும் நல்ல தோலுக்குள் ஊர்ந்து போவதுதான் கெலாய்டு. அது தானாகத் தணிவதில்லை. ஊசித் துளையிலிருந்து கொண்டைக்கடலை அளவுக்கு வளர்ந்திருக்கிறது என்றால் எல்லையை எப்போதோ தாண்டிவிட்டது என்றுதான் பொருள். சித்தப்பாவின் தோளும் அதற்குச் சாட்சி சொல்கிறது, ஏனென்றால் இது குடும்ப வழியாகவும் வருவது.

தோல் கிழிந்தால் உடல் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தை உற்பத்தி செய்து கிழிசலை அடைக்கிறது. அடைத்து முடித்ததும் உற்பத்தி குறைய வேண்டும். கெலாய்டு வரும் தோலில் அது குறைவதில்லை. இப்போது கத்தியை எடுத்தால் என்ன நடக்கும்? அதே தோலில், முன்பைவிடப் பெரிய புதுக் காயத்தை நாமே உண்டாக்குகிறோம். வெட்டுவதோடு நிறுத்திவிட்டால் கெலாய்டு திரும்ப வரும் வாய்ப்பு 45 முதல் 100 சதவீதம் வரை என்று வெவ்வேறு ஆய்வுகள் சொல்கின்றன. திரும்பி வருவது பழையதைவிடப் பெரிதாக வருவதையும் அடிக்கடி பார்க்கிறோம். எனவே, வெட்டலாம் என்ற மருத்துவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "வெட்டிய மறுநாளிலிருந்து என்ன செய்யப்போகிறோம்?" அதற்குத் தெளிவான பதில் இல்லையென்றால் மேசையில் படுக்காதீர்கள்.

மற்றவர் சொன்ன ஊசி பெரும்பாலும் டிரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டாக இருக்கும். ஒரு மி.லி.க்கு 10 முதல் 40 மி.கி. வரையிலான அடர்த்தியில், கட்டிக்குள்ளேயே, நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை போடுவோம். அரிப்பும் வலியும் முதலில் குறையும், பிறகு கட்டி மெதுவாகத் தட்டையாகும். இதிலும் திரும்ப வருவது உண்டு. ஆய்வுகளில் 9 முதல் 50 சதவீதம் வரை காட்டியிருக்கிறார்கள். ஊசி போட்ட இடத்தில் தோல் மெலிந்து குழியலாம், நிறம் வெளுக்கலாம், நுண்ணிய சிவப்பு இரத்த நாளக் கோடுகள் தெரியலாம். சில பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போகும் அல்லது முறை மாறும். சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாட்கள் சர்க்கரை ஏறும். இவற்றையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் ஊசியைத் தொட வேண்டும்.

#7 நெஞ்சுக்கூடு

டாக்டர் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். வலிக்கும்.

எனக்கு மார்பின் நடுவில் இருக்கிறது. பருவிலிருந்து வந்தது, அறுவைச் சிகிச்சை எதுவும் கிடையாது. சட்டைப் பொத்தான் உரசும் இடத்தில் நண்டு காலை நீட்டியதுபோல் இரு பக்கமும் நீண்டிருந்தது. முதல் சில ஊசிகளின்போது மருந்து உள்ளேயே போகாது. தழும்பு அவ்வளவு இறுக்கம். மருத்துவர் கட்டைவிரலை வைத்து முழுப் பலத்தோடு அழுத்துவார், கை நடுங்கும். ஒருமுறை ஊசிமுனை சிரிஞ்சிலிருந்து தெறித்து, மருந்து அவருடைய கண்ணாடியில் அடித்தது. அதற்குப் பிறகு திருகிப் பூட்டும் வகைச் சிரிஞ்சைத்தான் எடுப்பார். மருந்து சரியான இடத்தில் இறங்கினால் தழும்பு சட்டென்று வெளுக்கும். அந்த வெளுப்பைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருப்பார், நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

போகப் போகத் தழும்பு இளகிவிட்டது, மருந்தும் எளிதாக இறங்கியது. ஊசிக்கு முன் மரத்துப்போகும் களிம்பைப் பூசி ஒரு மணி நேரம் பிளாஸ்டிக் தாளால் மூடி வைத்தால் கொஞ்சம் பரவாயில்லை. மரத்துப்போகும் மருந்தையே ஊசி மருந்தோடு கலந்தும் போடுவார்கள். கேட்டால்தான் செய்வார்கள், கேளுங்கள்.

பலன்? முற்றிலும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். தட்டையாகியிருக்கிறது, சுற்றிலும் வெளிறிய வளையம் இருக்கிறது. ஆனால் இரவில் சொறிந்துகொண்டு விழித்திருந்த காலம் போய்விட்டது. எனக்கு அதுவே பெரிது.

#8 சுந்தரம்பிள்ளை

ஊசி, கத்தி என்று எல்லோரும் பயமுறுத்துகிறீர்கள். எங்கள் பக்கம் இதற்குச் சுண்ணாம்பும் எருக்கம்பாலும் வைப்பார்கள். மருவெல்லாம் அப்படித்தான் விழுந்தது. செலவில்லாத வைத்தியம். பிள்ளை முதலில் அதைச் செய்து பார்க்கட்டும்.

#9 தோல்மருத்துவர்_மதுரை

ஐயா, மருவும் இதுவும் ஒன்றல்ல. மரு என்பது மேல்தோலில் வைரஸ் உண்டாக்குவது. அதைச் சுட்டால் விழலாம். கெலாய்டு அடித்தோலில் இருப்பது, காயம் பட்டால் வளர்வதே அதன் குணம். சுண்ணாம்பும் எருக்கம்பாலும் தோலைச் சுட்டுப் புண்ணாக்கும். அந்தப் புண் ஆறும்போது அதன் அகலம் முழுக்கக் கெலாய்டாக மாறும். காதில் கடலை அளவு இருந்ததைச் சுண்ணாம்பு வைத்துக் கன்னம் வரை இறக்கிக்கொண்டு வந்தவர்களுக்கு நானே வைத்தியம் பார்த்திருக்கிறேன். முடியைக் கட்டி இறுக்கி அறுந்து விழச் செய்வதும் இதே கதைதான்.

#10 சுந்தரம்பிள்ளை

சரி, டாக்டர் சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எங்களைப் போன்றவர்கள் சுண்ணாம்பைத் தேடிப் போவது அறிவில்லாமல் அல்ல. மாதாமாதம் ஊசி என்றால் ஒவ்வொரு முறையும் ஆலோசனைக் கட்டணம், பஸ் கட்டணம், அரை நாள் கூலி போகும். அதற்கு ஒரு வழி சொல்லிவிட்டு எங்களைத் திட்டுங்கள்.

#11 மார்கழிப்பனி

நியாயமான கேள்வி ஐயா. மாவட்டத் தலைநகரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருந்தால் தோல் நோய்ப் புறநோயாளிகள் பிரிவுக்குப் போங்கள். இந்த ஊசி மிகப் பழைய மருந்து, விலை குறைந்தது. என் அக்கா அங்கேதான் போட்டுக்கொண்டார். காலையில் சீக்கிரம் போய்ச் சீட்டு வாங்க வேண்டும், காத்திருக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் வேறொரு இளம் மருத்துவர் பார்ப்பார். ஆகவே, போன முறை என்ன அடர்த்தியில் எவ்வளவு போட்டார்கள் என்பதைச் சீட்டில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அரை நாள் கூலி போவதற்கு என்னிடமும் பதில் இல்லை.

#12 ஒட்டுத்தையல்

நான் பிளாஸ்டிக் சர்ஜரி துறையில் இருக்கிறேன். டாக்டர் மதுரையோடு பெரும்பாலும் உடன்படுகிறேன், ஓரிடத்தில் மட்டும் முரண்படுகிறேன்.

"வெட்டவே கூடாது" என்பது மார்புக்கும் தோளுக்கும் பொருந்தும். அங்கே தோல் எப்போதும் இழுபட்டுக்கொண்டே இருக்கிறது. கையைத் தூக்கினால் இழுக்கும், மூச்சு விட்டால் இழுக்கும். அந்த இழுவிசைதான் கெலாய்டுக்குத் தீனி என்று தோக்கியோவின் நிப்பான் மருத்துவப் பள்ளியில் ரெய் ஒகாவாவும் அவருடைய குழுவினரும் தொடர்ந்து எழுதிவருகிறார்கள். தோல் அதிகம் இழுபடாத உச்சந்தலையிலும் மேல் இமையிலும் கெலாய்டு அரிது என்பதை எண்ணிப் பாருங்கள். காது அப்படிப்பட்ட இழுவிசை உள்ள இடம் அல்ல. அதனால் அறுவைச் சிகிச்சைக்கு நல்ல பலன் தரும் இடங்களில் காது முதன்மையானது. காம்பு வைத்துத் தொங்கும் பெரிய கட்டிக்கு ஊசியை மட்டுமே போட்டுக்கொண்டிருப்பது நோயாளியின் காலத்தை வீணாக்குவது. கட்டியின் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, தையல் போட்ட ஓரங்களில் ஊசி போட்டால் மருந்தும் குறைவு, வலியும் குறைவு.

வெட்டுவதிலும் முறை உண்டு. உள்ளே இருக்கும் நார்க்கட்டியைக் குடைந்தெடுத்துவிட்டு, மேல்தோலை மட்டும் வைத்து இழுப்பில்லாமல் மூடுவோம். வேறிடத்திலிருந்து தோல் எடுத்து ஒட்டினால், எடுத்த இடத்திலும் இன்னொரு கெலாய்டு முளைக்கலாம். வெட்டிய சதையைக் குப்பையில் போடாமல் திசுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். மிக அரிதாக, தோலில் வரும் ஒருவகைப் புற்றுக்கட்டி கெலாய்டு வேடத்தில் வந்து ஏமாற்றும். காயமே படாத இடத்தில் வந்தாலும், கெலாய்டு வழக்கமாக வராத இடத்தில் வந்தாலும், வேகமாக வளர்ந்தாலும் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

#13 தோல்மருத்துவர்_மதுரை

ஏற்கிறேன். ஆனால் தாமிரபரணிக்கு இருப்பது தொங்கும் கட்டி அல்ல, கடலை அளவு. அதற்கு முதலில் ஊசி போட்டுப் பார்ப்பதில் நட்டம் இல்லை. சுருங்காவிட்டால் உங்களிடம் வரட்டும். முதல் மாதமே கத்தியை எடுப்பதில்தான் எனக்குச் சம்மதமில்லை.

#14 ஒட்டுத்தையல்

கடலை அளவு என்றால் சரி. ஆனால் அவர் சொல்வது குருத்தெலும்புள்ள மேல்விளிம்பு. அங்கே கட்டி அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். நாள் தள்ளத் தள்ள எடுப்பது சிரமம். ஊசிக்கு ஒரு கெடு வையுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

#15 வெண்ணிலா_க

என் தோல் மருத்துவர் ஸ்டீராய்டோடு ஃப்ளோரோயூராசில் என்ற மருந்தையும் கலந்து போடலாம் என்கிறார். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால் புற்றுநோய் மருந்து என்று வருகிறது. பயத்தில் அடுத்த தேதிக்கு நான் போகவில்லை. யாராவது போட்டிருக்கிறீர்களா?

#16 தோல்மருத்துவர்_மதுரை

பயப்படுவது இயல்பு, ஆனால் அளவைப் பாருங்கள். புற்றுநோய்க்கு அதை இரத்தக் குழாயில் பெரிய அளவில் ஏற்றுகிறார்கள். இங்கே கட்டிக்குள் மட்டும் கொஞ்சமாகப் போகிறது. ஒரு மி.லி.க்கு 50 மி.கி. உள்ள அந்த மருந்தில் 0.9 மி.லி., 40 மி.கி. அடர்த்தியுள்ள டிரையாம்சினலோனில் 0.1 மி.லி. என்று கலப்பது பரவலான முறை. ஒன்று, நார் உருவாக்கும் செல்கள் பெருகுவதைத் தடுக்கிறது. மற்றது கொலாஜன் உற்பத்தியைக் குறைக்கிறது. ஸ்டீராய்டின் பங்கு குறைவதால் தோல் குழிவதும் குறைகிறது. எரிச்சலும் வலியும் கூடுதல், சிலருக்குப் புண் ஆகும், ஊசி போட்ட இடம் கறுக்கும்.

கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் இது கூடவே கூடாது. கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். தாமிரபரணி, திருமணம் நெருங்குகிறது என்பதால் உங்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

பிளியோமைசின், வெராபமில் ஆகிய ஊசிகளும் இருக்கின்றன. ஸ்டீராய்டுக்கு மசியாத கட்டிகளுக்கு அவற்றை எடுப்போம். எல்லாவற்றையும் இங்கே விரித்தால் பாடப்புத்தகம் ஆகிவிடும்.

#17 கிள்ளான்வாசி

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். இங்கே ஒரு நிலையத்தில் "லேசர் மூலம் கெலாய்டு நிரந்தரமாக மறையும்" என்று தவணை முறையில் தொகுப்பு விற்கிறார்கள். என் தம்பிக்குத் தோளில் இருக்கிறது. கட்டலாமா?

#18 தோல்மருத்துவர்_மதுரை

"நிரந்தரமாக" என்ற சொல்லைப் பார்த்ததும் திரும்பி நடந்துவிடுங்கள். லேசர் என்பது ஒரே கருவி அல்ல. கார்பன் டை ஆக்சைடு லேசரால் கெலாய்டைச் செதுக்கி எடுப்பது கத்தியால் வெட்டுவதற்குச் சமம், தனியாகச் செய்தால் அதேபோல் திரும்ப வரும். 585, 595 நானோமீட்டர் அலைநீளத்தில் இயங்கும் சாய லேசர், தழும்பில் உள்ள இரத்த நாளங்களைக் குறிவைக்கிறது. சிவப்பும் அரிப்பும் குறையும், ஊசியோடு சேர்த்துச் செய்தால் பயன் உண்டு. நம் நிறத் தோலில் கருமையோ வெளுப்போ வந்துவிடும் என்பதால் ஆற்றல் அளவைத் தெரிந்தவர்தான் கையாள வேண்டும்.

யாரும் இன்னும் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள்: உறைய வைக்கும் சிகிச்சை. மைனஸ் 196 பாகை செல்சியஸில் இருக்கும் திரவ நைட்ரஜனால் கட்டியை உறைய வைப்பது. சிறிய, புதிய கெலாய்டுகளில் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் தோலுக்கு நிறம் தரும் செல்கள் குளிரை அறவே தாங்காது, எனவே மாநிறத் தோலில் வெள்ளைத் திட்டு விழும். காதின் பின்பக்கம் என்றால் பரவாயில்லை என்பார்கள் சிலர். நெஞ்சில் என்றால் நான் தயங்குவேன்.

#19 குமரிக்காற்று

நேற்று மச்சானை விசாரித்தேன். தையல் போட்ட கோட்டில் ஒரு பக்கம் லேசாகத் தடித்திருக்கிறதாம், அரிக்கிறதாம். ஒன்றுமில்லை, வெயில் என்கிறார். இந்த இழையை அவருக்கு அனுப்பிவிட்டேன்.

#20 தோல்மருத்துவர்_மதுரை

வெயில் அல்ல. இப்போதே ஊசி போட்டால் சின்ன வேலை. இந்த வாரமே போகச் சொல்லுங்கள்.

#21 கதிர்க்கூடம்

ஒரு மருத்துவமனையின் கதிர்வீச்சுப் பிரிவில் தொழில்நுட்பராக இருக்கிறேன். இதுவரை யாரும் கதிர்வீச்சைப் பற்றி எழுதவில்லை என்பதால் நானே ஆரம்பிக்கிறேன்.

வெட்டிய பிறகு திரும்ப வராமல் தடுப்பதில் கதிர்வீச்சுக்கு நல்ல பெயர் உண்டு. வெட்டுவதோடு நிறுத்தினால் பாதிப் பேருக்கும் மேல் திரும்ப வரும் என்ற நிலை மாறி, பெரும்பாலான அறிக்கைகளில் கால்வாசிக்கும் கீழே இறங்குகிறது. நேரம் முக்கியம்: அறுவை முடிந்த 24 மணி நேரத்துக்குள் முதல் கதிர் பாய வேண்டும் என்பது பலரும் கடைப்பிடிக்கும் விதி. அதனால் அறுவை அரங்கில் தேதி வாங்குவதற்கு முன் எங்கள் பிரிவில் தேதி வாங்க வேண்டும். வெட்டிவிட்டுப் பத்து நாள் கழித்துச் சீட்டோடு வருபவர்களைப் பார்த்தால் எங்களுக்குக் கை பிசைவதைத் தவிர வழியில்லை.

அளவைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். மேலே ஒட்டுத்தையல் குறிப்பிட்ட ஒகாவா குழுவினர் காதுச் சோணைக்கு, அதாவது கீழ்மடலுக்கு, 10 கிரே (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவை இரண்டு நாட்களில் பிரித்துக் கொடுத்தார்கள். மார்புக்கு 20 கிரே, நான்கு நாட்களில். தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு நாங்கள் கொடுப்பது 60, 70 கிரே. கெலாய்டுக்குப் பயன்படும் எலக்ட்ரான் கதிர் ஆழமாகப் போகாது. தையலைச் சுற்றிச் சின்ன ஓரத்தை விட்டு மற்ற இடத்தை ஈயத் தகட்டால் மறைத்துவிடுவோம். மேசையில் இருப்பது சில நிமிடம்தான்.

கதிர்வீச்சினால் பின்னாளில் புற்று வருமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வாய்ப்பு மிகச் சிறியது, ஆனால் அறவே இல்லை என்று யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுப்பதில்லை. தைராய்டு, மார்பகம் இருக்கும் பக்கத்தில் மிகவும் யோசிப்பார்கள். காது அந்த வகையில் வசதியான இடம்.

இன்னொரு தடை இருக்கிறது, மருத்துவத்தில் சேராதது. எங்கள் வாசலில் பெரிய எழுத்தில் "புற்றுநோய்ப் பிரிவு" என்று பலகை தொங்குகிறது. கல்யாணத்துக்கு நிற்கும் பெண்ணை அதற்குக் கீழே உட்கார வைக்கப் பெற்றோருக்கு மனம் வருவதில்லை. "பின்வாசல் இருக்கிறதா?" என்று ஓர் அம்மா என்னிடம் கேட்டார். இருந்தது, கூட்டிக்கொண்டு போனேன்.

#22 தாமிரபரணி

எல்லோருக்கும் நன்றி. அந்தப் பலகைக்குக் கீழே உட்கார்ந்தால் ஊரில் என்ன பேசுவார்கள் என்பதுதான் அம்மாவின் முதல் கேள்வியும். ஆகவே கதிர்வீச்சு கடைசியில் இருக்கட்டும். ஊசியோடு வேறு ஏதாவது சேர்த்துச் செய்ய முடியுமா? அழுத்தும் கம்மல் என்று ஒன்றைப் படித்தேன்.

#23 மார்கழிப்பனி

என் அக்காவுக்குச் சோணையில் வந்தது. வெட்டி, ஊசி போட்டு, பிறகு அந்த அழுத்தும் கம்மலைப் போட்டார். இரு பக்கமும் வட்டத் தகடு, நடுவில் சிறு திருகு. திருகினால் சோணையை இருபுறமும் நெருக்கும். நாளில் 12 மணி நேரத்துக்குக் குறையாமல், மாதக் கணக்கில் போட வேண்டும். அவர் தூங்கும்போதும் போட்டிருந்தார். அதிகமாகத் திருகினால் தோல் செத்துப் புண்ணாகும், புண் ஆனால் கதை முதலிலிருந்து தொடங்கும். தோல் லேசாக வெளுத்து, விட்டதும் நிறம் திரும்பினால் அளவு சரி என்று சொல்லிக்கொடுத்தார்கள். வெளியே பார்த்தால் ஏதோ புதுமாதிரிக் கம்மல் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஒருவர் எங்கே வாங்கியது என்றுகூடக் கேட்டார்.

#24 ஒட்டுத்தையல்

தாமிரபரணிக்குச் சோணையில் அல்லவே, மேல்விளிம்பில். அங்கே கடைக் கம்மல் நிற்காது, வளைவு வேறு. அதற்கு ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. பல் மருத்துவக் கல்லூரியில் செயற்கைப் பல் கட்டும் பிரிவுக்கு அனுப்புவோம். பல்லுக்கு அச்சு எடுப்பதுபோலவே காதுக்கும் அச்சு எடுத்து, பல்செட் செய்யும் அக்ரிலிக்கில் உங்கள் காதின் வளைவுக்கே பொருந்தும் கவ்வியைச் செய்து தருவார்கள். கட்டி சுருங்கச் சுருங்க உட்பக்கத்தைச் சரிசெய்துகொள்ளலாம். காதை நீட்டினால் அங்கே இருக்கும் மாணவர்கள் முதலில் விழிப்பார்கள், பேராசிரியரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

#25 நெஞ்சுக்கூடு

சிலிகோன் ஒட்டுத்தாளைப் பற்றி யாரும் பேசவில்லையே. நான் போட்டுப் பார்த்தேன். வியர்வையில் நழுவிவிடும், மதுரை வெயிலில் அதற்குக் கீழே வேர்க்குரு வந்தது.

#26 தோல்மருத்துவர்_மதுரை

அது வந்த கெலாய்டைக் கரைப்பதைவிட, வராமல் தடுப்பதற்குத்தான் கூடுதலாக உதவும். காயம் முழுதாக மூடிய பிறகு, நாளில் 12 மணி நேரத்துக்கு மேல், குறைந்தது இரண்டு மூன்று மாதம் ஒட்ட வேண்டும். தினமும் கழற்றிச் சோப்பு போட்டுக் கழுவி, உலர்த்தி, மறுபடி ஒட்டுங்கள். காது, முகம், மூட்டு போன்ற இடங்களில் தாள் நிற்காது, அங்கே களிம்பு வடிவில் வரும் சிலிகோன் ஜெல்லைப் பூசலாம். வெங்காயச் சாறு கலந்த களிம்புகளுக்குச் சான்று பலவீனம். வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்துப் பூசுவதைத் தயவுசெய்து விடுங்கள். பலன் கிடையாது, பலருக்கு ஒவ்வாமைத் தடிப்புதான் வரும்.

#27 கன்னியம்மாள்

எனக்கு இடது தோளில் பி.சி.ஜி. தடுப்பூசி போட்ட இடத்தில் கெலாய்டு இருக்கிறது. இப்போது மகள் கர்ப்பமாக இருக்கிறாள். பிறக்கப்போகும் குழந்தைக்கு அந்தத் தடுப்பூசி வேண்டாம் என்று சொல்லலாமா? அவளுக்கும் என் தோல்தான். பேத்தி பிறந்தால் காது குத்துவதைப் பற்றியும் சொல்லுங்கள்.

#28 தோல்மருத்துவர்_மதுரை

அம்மா, தடுப்பூசியை நிறுத்தாதீர்கள். கைக்குழந்தைகளைக் காசநோய் மூளையையே தாக்கும் அளவுக்குப் போகும், அதைத் தடுக்கும் ஊசி அது. பச்சிளம் குழந்தைக்குப் போட்ட இடத்தில் கெலாய்டு வருவது மிகவும் குறைவு. தோளில் ஒரு தடிப்பு வந்தாலும் பார்த்துக்கொள்ளலாம்.

காது குத்துவதை நம் ஊரில் ஒரு வயதுக்குள்ளேயே முடித்துவிடுகிறோம், அது நல்லதாகவே அமைந்துவிட்டது. கெலாய்டு வருவது பெரும்பாலும் பத்து வயதுக்கு மேல் முப்பதுக்குள்தான். 2005இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 11 வயதுக்குப் பிறகு காது குத்தியவர்களுக்கே கெலாய்டு அதிகம் வந்திருந்தது. தாமிரபரணிக்குக் குழந்தையில் குத்திய சோணை நன்றாக இருந்து, வளர்ந்த பிறகு குத்திய இடம் கெட்டதும் இதனோடு ஒத்துப்போகிறது. குடும்பத்தில் இருந்தால் இரண்டாவது துளை, பச்சை குத்துதல், தேவையில்லாத மச்சம் எடுத்தல் எல்லாவற்றையும் தவிர்க்க வேண்டும். தவிர்க்க முடியாத அறுவைச் சிகிச்சை வந்தால், அது சிசேரியனாக இருந்தாலும், மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

#29 தாமிரபரணி

நேற்று மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்வந்தேன். அளவுகோல் வைத்து அளந்தார்கள், 11 மி.மீ. இருக்கிறது. படம் எடுத்து வைத்துக்கொண்டார்கள். முதல் ஊசி போட்டாயிற்று. நெஞ்சுக்கூடு அண்ணா சொன்னது பொய்யில்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. களிம்பு கேட்டேன், "தெரிந்துகொண்டு வந்திருக்கிறீர்கள்" என்று சிரித்துக்கொண்டே பூசினார்கள். மூன்று ஊசிக்குப் பிறகு மறுபடி அளந்து பார்த்து, பாதியாகக் குறையாவிட்டால் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவுக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். ஒட்டுத்தையல் சார் சொன்ன கெடு கிடைத்துவிட்டது. கவ்வி பற்றியும் கேட்டேன். பல் மருத்துவக் கல்லூரிக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள்.

நிச்சயதார்த்தத்துக்குள் மறையாது என்பதை அம்மாவிடம் அந்த மருத்துவரே சொல்லிவிட்டார். முடியை இறக்கிப் பின்னி, பூ வைத்தால் போதும் என்று அம்மாவும் சமாதானம் ஆகிவிட்டார்.

ஆனால் புதிதாக ஒன்று. மாப்பிள்ளை வீட்டில் கல்யாணத்துக்கு மூக்குத்தி கட்டாயமாம், அவர்கள் குடும்ப வழக்கமாம். எனக்கு மூக்கு குத்தவில்லை. காதை வைத்துக்கொண்டு இதை எப்படிச் சொல்வது?

#30 தோல்மருத்துவர்_மதுரை

குத்தாதீர்கள். காதின் பின்பக்கத்தை முடியால் மறைக்கலாம், மூக்கை எதால் மறைப்பீர்கள்? வேண்டுமானால் மருத்துவர் எழுதிய சீட்டு ஒன்றை வாங்கி அவர்களிடம் காட்டுங்கள்.

#31 கன்னியம்மாள்

சீட்டெல்லாம் வேண்டாம் மகளே. சீட்டு என்றாலே "பெண்ணுக்கு என்னவோ வியாதி" என்று ஆகிவிடும். அம்மாவை விட்டு அவர்கள் வீட்டுப் பெரியம்மாவிடம் நேரில் பேசச் சொல். பெண்கள் பேசினால் முடிந்துவிடும்.

#32 ஒட்டுத்தையல்

மறைத்துவிட்டுப் பிறகு தெரிய வருவதைவிட, இப்போதே மாப்பிள்ளையிடம் நேராகச் சொல்லிவிடுவது நல்லது என்பது என் எண்ணம். தொற்றும் நோய் அல்ல, புற்றும் அல்ல. சொல்வதில் கூச்சப்பட என்ன இருக்கிறது?

#33 பொற்கொல்லன்_தெரு

நான் நகைத் தொழில் செய்கிறேன், மருத்துவம் தெரியாது. துளையே இல்லாமல், மூக்கின் மடலை உள்ளிருந்து லேசாக அழுத்திப் பிடிக்கும் மூக்குத்தி செய்கிறோம். தங்கத்திலேயே செய்யலாம், கல்லும் பதிக்கலாம், பக்கத்தில் நின்று பார்த்தாலும் தெரியாது. மூக்கு குத்தாத எத்தனையோ மணப்பெண்களுக்கு இதுதான் போகிறது. முகூர்த்தம் முடியும்வரை போட்டுக்கொண்டு கழற்றிவிடலாம், நாள் முழுக்கப் போட வேண்டாம். உங்கள் ஊரிலேயே பழக்கமான ஆசாரியிடம் சொல்லுங்கள், செய்துவிடுவார். ஒற்றைக் கல்லா, ஏழு கல்லா என்று மட்டும் அந்தப் பெரியம்மாவிடம் கேட்டுக்கொண்டு போங்கள்.

#34 தாமிரபரணி

ஏழு கல்லாம். அம்மா இப்போதுதான் போனில் பேசினார்.